"கடலோரத்துல வண்டி விட்டா அப்படித்தான் சார்!" - மண்டபம் வேன்காரர்களின் துருப்பிடித்த கதை

மண்டபத்தில் இரும்பைத் துருப்பிடிக்க விட்டு வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது, தெரியுமா?

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 'சிக்ரி' என்றால்தான் நம்ம பக்கத்தில் தெரியும். அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த ஆய்வகம். அதன் ஒரு பிரிவு மண்டபத்தில் இருக்கிறது. விதவிதமான உலோகத் தகடுகளைச் சட்டத்தில் மாட்டி, கடற்காற்றிலும் வெயிலிலும் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அப்புறம் எடுத்துச் சுத்தம் செய்து எடை போடுவார்கள். எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அவ்வளவும் துரு தின்றது. இந்தியாவில் எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று வரைபடமே போட்டவர்கள் இவர்கள். சோதனைக்கு மண்டபத்தைத் தேடி வந்ததற்குக் காரணம், இதைவிடப் பொல்லாத காற்று இந்தியாவில் கிடைப்பது கஷ்டம்.

அதே காற்றில்தான் என் சித்தப்பாவின் வேனும் நிற்கிறது. அதை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. மாசம் பொறந்தா டியூ மட்டும் கரெக்டா போயிடுது.

இந்தக் கதை 2022 டிசம்பரில் ஆரம்பிக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அந்த மாசம் ரயில்களை நிறுத்தினார்கள். ராமேஸ்வரம் வரை போக வேண்டிய ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. வடநாட்டிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த குடும்பங்கள் மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி, 'கோயில் எங்கேப்பா?' என்று முழிப்பார்கள். கோயில் இன்னும் 20 கிலோமீட்டர், நடுவில் கடல். பஸ், ஆட்டோ, வேன் என்று எல்லாருக்கும் சவாரி. அதுவரை இன்னொருத்தர் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, இதுதான் சமயம் என்று 2023 தொடக்கத்தில் சொந்த வேன் எடுத்தார். சித்தியின் நகை முன்பணம். மீதிக்கு ஐந்து வருஷ லோன். மஞ்சள் போர்டு.

எந்தக் கம்பெனி வண்டி, எந்த ஷோரூம் என்று கேட்காதீங்க. சொல்லப்போவதில்லை. வேறு வேறு கம்பெனி வேன் வைத்திருக்கும் நாலைந்து பேரிடம் பேசிப் பார்த்தேன். எல்லாருக்கும் கிடைத்த பதில் ஒரே பதில்தான். ஒருத்தரை மட்டும் மாட்டிவிட்டு மற்றவர்களை நல்லவர்களாக்க வேண்டாமே என்றுதான்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. ஃப்ரீ சர்வீஸ் எதையும் தவறவிடவில்லை. மண்டபத்துக்காரர்களுக்கு ஷோரூம் சர்வீஸ் என்றால் ராமநாதபுரம் போகணும், ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பெரிய வேலை என்றால் மதுரை, 150 கிலோமீட்டர். வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சவாரி இல்லாத நாள். இருந்தாலும் வாரன்டி போயிடுமே என்று பயந்து, சொன்ன கிலோமீட்டருக்குச் சொன்னபடி போனார்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்பளித்தது. கொசு கடிச்ச மாதிரி நாலு புள்ளி. நகத்தால் சுரண்டினால் உள்ளே செம்மண் நிறம். வாரன்டிதான் இருக்கே என்று தைரியமாகப் போனார். சர்வீஸ் அட்வைஸர் வண்டி பக்கமே வரவில்லை. போனில் போட்டோவைப் பார்த்தார். "இது என்விரான்மென்ட்டல் சார், வாரன்டில வராது. கடலோரத்துல வண்டி விட்டா அப்படித்தான்" என்றார்.

சித்தப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்னைக்கு மட்டும் ஒரு கேள்வி கேட்டாராம்.

"கடலோரத்துல இருக்கேன்னு தெரிஞ்சுதானே தம்பி வித்தீங்க? ஆர்.சி-லயே மண்டபம்னுதானே போட்டிருக்கு?"

அதற்குப் பதில் வரவில்லை. எஸ்டிமேட் வந்தது.

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ஒரு மாவட்டத்தில் ஷோரூம் போட்டு, அந்த ஊர் முகவரியிலேயே பில் போட்டு விற்றுவிட்டு, அந்த ஊரின் காற்றை மட்டும் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்ல முடியுமா?

வாரன்டி புக்கை முழுசா படிச்சவங்க கை தூக்குங்க

நானும் தூக்கல. சித்தப்பா வண்டிக்காகத்தான் முதல் தடவை உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலான வண்டிகளின் வாரன்டி புத்தகத்தில், 'இவற்றுக்கெல்லாம் வாரன்டி கிடையாது' என்று ஒரு பட்டியல் இருக்கும். அமில மழை, ஆலைப் புகை, பறவை எச்சம், ரசாயனம், உப்பு, இயற்கைச் சீற்றம் என்று போகும். புயலும் கடற்காற்றும் ஒரே வரிசையில்! தனுஷ்கோடியைத் தூக்கிக்கொண்டு போன 1964 புயல் இயற்கைச் சீற்றம், ஒத்துக்கொள்ளலாம். தினமும் காலையில் வீசுகிற காற்றுமா சீற்றம்? மண்டபத்தில் அதற்குப் பேர் 'காத்து', அவ்வளவுதான்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. துருவுக்கு வாரன்டி கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. இந்தியாவிலேயே ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவை கார்களுக்கு 6 வருஷ துரு வாரன்டி அறிவித்திருக்கின்றன. ஆனால், அது ஓட்டை விழும் துருவுக்கு. அதாவது, தகடு உள்ளேயிருந்து அரித்து வெளியே பொத்துக்கொண்டு வந்தால்தான் கணக்கு. மேலே புள்ளி புள்ளியாக வருவது கணக்கில் வராது. அதற்கும், சொன்ன சர்வீஸ் எல்லாம் சொன்ன இடத்தில் செய்திருக்க வேண்டும். நம்ம ஊரில் ஷேர் ஓட்டுகிற, சாமி கும்பிட ஆள் ஏற்றுகிற சின்ன வேன் ரகத்தில் இப்படி ஒரு வாக்குறுதியை நான் பார்க்கவில்லை. அதிகம் தேவைப்படுகிற ஆளுக்குத்தான் அது கிடைப்பதில்லை.

ஏன் வேனுக்கு இவ்வளவு அடி? காரைவிட வேன் ஒரு பெரிய தகரப் பெட்டி. கதவு அகலம், தரை அகலம், மடிப்பும் இடுக்கும் அதிகம். உப்புக்கு ஒரு குணம் உண்டு, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும், உப்புப் படிந்த இடுக்கு காய்வதே இல்லை. இரும்பு, ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. மின்சாரம் எடுக்கிற வேலைக்குப் பதில் இரும்பைக் கரைக்கிற வேலை நடக்கும். ஸ்லைடிங் கதவு ஓடுகிற கீழ்த் தண்டவாளத்தில் மணலும் உப்பும் தங்கும். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் அடைத்துக்கொள்ளும். சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவு, தரைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டம், ஸ்டெப்னி தொங்குகிற இடம், பிரேக் பைப், சைலன்சர் என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும்.

'சரி, தினமும் கழுவ வேண்டியதுதானே?' அங்கேதான் இடிக்குது. இந்தக் கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணி! காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருவதைக் குடத்தில் பிடித்து வைத்திருக்கும் வீட்டில், அதை வேனுக்கு ஊற்றப் போனால் சித்தி சும்மா விடுவாரா?

ரோட்டிலும் உப்பு இருக்கிறது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் மூன்று இடத்திலிருந்தும் மீன் ஏற்றிய வண்டிகள் போகும். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு, குட்டியானை இல்லாத மீன் வியாபாரம் ஏது? ஐஸ் உருகி, மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகும். பின்னால் வரும் வேனின் டயர் அதை அள்ளி அடிப்பக்கம் பூசும். தனுஷ்கோடி சவாரி என்றால் இன்னும் விசேஷம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டு முடிக்கும் வரை, ஜீப்பும் வேனும் மணலிலும் கடல் தண்ணீரிலும்தான் ஓடின. இப்போது ரோடு இருக்கிறது. ஆனால், இரண்டு பக்கமும் கடல். காத்து அடிக்கிற நாளில் கண்ணாடியில் வைப்பர் போட்டால் வெள்ளையாக ஒரு வளைவு விழும். அது உப்பு.

மரத்தடி மெக்கானிக்கும் ஸ்கேனரும்

துருவைவிட சித்தப்பாவை அதிகம் அலையவிட்டது ஒரு சின்ன மஞ்சள் விளக்கு.

கொஞ்சம் பின்னால் போகணும். இந்த ஊர் வேன்களுக்கெல்லாம் தாத்தா மாருதி வேன். 1984-ல் வந்தது, 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறியது, 2019-ல் நிறுத்தினார்கள். 796 சி.சி, மூன்று சிலிண்டர். தமிழ் சினிமாவில் ஆள் கடத்துவதற்கென்றே பிறந்த வண்டி என்று நமக்குத் தெரியும். நிஜத்தில் அது ஸ்கூல் பிள்ளைகளையும், ஆஸ்பத்திரி கேஸ்களையும், கல்யாணச் சாமான்களையும் ஏற்றியது. அதுவும் துருப்பிடித்தது, நல்லாவே துருப்பிடித்தது. ஆனால், எது போனாலும் வேப்பமரத்தடியில் இருக்கும் மெக்கானிக் சீட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்த்து, சாயங்காலத்துக்குள் கிளப்பிவிடுவார். ஸ்பேர் பார்ட்ஸ் ராமநாதபுரம் கடைகளில் தொங்கும்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்-6 வந்தது. புகை குறைந்தது, நல்ல விஷயம். அதற்காக வண்டிக்குள் சென்சார்களும், கம்ப்யூட்டரும், அவற்றை இணைக்கும் கனெக்டர்களும் கூடின. மண்டபம் காற்றுக்கு இரும்பு மட்டும்தான் பிடிக்கும் என்று யார் சொன்னது? கனெக்டருக்குள் இருக்கும் செம்புப் பின்னிலும் பச்சை பூக்கும். சிக்னல் தடுமாறும். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். இதைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும், கழற்றி, சுத்தம் செய்து, மாட்டினால் முடிந்தது. ஆனால், எந்தக் கனெக்டர் என்று கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். அது இருப்பது ஷோரூமில்.

சித்தப்பா இதற்காக மூன்று தடவை போனார். முதல் தடவை விளக்கை அணைத்து அனுப்பினார்கள். பத்தாம் நாள் மறுபடி எரிந்தது. இரண்டாம் தடவை ஒரு சென்சாரை மாற்றி பில் போட்டார்கள். வாரன்டி கேட்டதற்கு, 'தண்ணி போயிருக்கு சார்' என்றார்கள். மூன்றாம் தடவை ஒரு சின்னப் பையன், டிரெயினியாக இருக்கணும், வயரிங்கைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு கனெக்டரைக் கழற்றிக் காட்டினான். உள்ளே பச்சை. அதைச் சுத்தம் செய்த பிறகு இன்றுவரை விளக்கு எரியவில்லை. மாற்றிய சென்சாருக்கான காசு திரும்பி வந்ததா என்று கேட்காதீங்க.

இதில் அந்த அட்வைஸரைத் திட்டி என்ன பிரயோஜனம்? கம்ப்யூட்டர் ஒரு கோடு காட்டும். அந்தக் கோடுக்கு எதை மாற்றணும் என்று புத்தகம் சொல்லும். மண்டபம் வண்டியில் முதலில் கனெக்டரைப் பார் என்று அந்தப் புத்தகம் சொல்லாது. அந்தப் புத்தகத்துக்குக் கடலே தெரியாது.

வெளி மெக்கானிக்குக்கு அந்த ஸ்கேனரும் பார்ட்ஸும் கிடைத்தால் மரத்தடியிலேயே முடிந்திருக்கும். இது சும்மா ஆதங்கம் இல்லை. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம், ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் போட்டது. வெளியில் வேலை பார்த்தாலே வாரன்டி மொத்தமும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. அப்புறம் மேல்முறையீடு, அதற்கு மேல்முறையீடு என்று வழக்கு நீண்டது. மரத்தடிக்கு இன்னும் ஸ்கேனர் வரவில்லை.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

'உப்புக்காற்றுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?' என்று நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், டொயோட்டா சியன்னா பற்றிப் படிக்கும் வரை.

சியன்னா அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாக ஏறிப்போகும் மினிவேன். அதன் ஸ்டெப்னி டயர் தரைக்கு அடியில் ஒரு கேபிளில் தொங்கும். அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் பனி உருக உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு பட்டு கேபிள் துருப்பிடித்து, டயர் ரோட்டில் விழ வாய்ப்பிருக்கிறது என்று 2010 ஏப்ரலில் டொயோட்டா திரும்ப அழைப்பு அறிவித்தது. 1998 முதல் 2010 வரையிலான மாடல்கள், சுமார் 6 லட்சம் வேன்கள். இதில் கவனிக்க வேண்டியது, அழைப்பு நாடு முழுக்க இல்லை. உப்புக் கொட்டுகிற 20 குளிர் மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் மட்டும். பன்னிரண்டு வருஷப் பழைய வண்டிக்கும் சேர்த்து!

அதே கம்பெனியின் பிக்-அப் வண்டிகளில் சேஸிஸ் துருப்பிடித்த வழக்கு தனி. 2016-ல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு, 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசத்துக்குக் கம்பெனி ஒத்துக்கொண்டது. தப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சேஸிஸைச் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றித் தர ஒத்துக்கொண்டது.

அங்கேயும் உப்பு 'என்விரான்மென்ட்டல்'தான். ஆனால், இந்த ஊரில் இந்த உப்பு இருக்கும் என்று தெரிந்தே விற்ற வண்டி, அந்த உப்பைத் தாங்கணும் என்று அங்கே கேட்க முடிந்திருக்கிறது. சித்தப்பா கேட்ட அதே கேள்வி.

இங்கே சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 2021 ஏப்ரலில் விதிகளும் வந்தன. ஆனால், 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டியாக இருக்கணும். அந்த மாடல் வருஷத்துக்கு எவ்வளவு விற்கிறதோ, அதைப் பொறுத்துக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேரணும். கணக்கைப் போட்டுப் பாருங்க. நாடு முழுக்க லட்சக்கணக்கில் விற்கும் வண்டி, ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் மட்டும் அரித்தால், மூன்று மாவட்டத்துக்காரர்களும் கூடிப் புகார் கொடுத்தாலும் அந்த எண்ணிக்கை வருமா? டெல்லிக்காரருக்கும் போபால்காரருக்கும் இந்தப் பிரச்னையே கிடையாதே! வட்டார அளவில் திரும்ப அழைப்பது என்ற யோசனையே நம்ம விதியில் இல்லாததுதான் பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

அரசுக்கு இந்தக் காற்றைப் பற்றித் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்ஸேன் என்ற விசேஷப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அப்படியும், அதற்கு முந்தைய நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை, துருத் தடுப்பு போதவில்லை என்று சுட்டிக்காட்டியது. பாலத்துக்கே அந்தக் கதி. பாலத்தடியில் நிற்கும் வேன், சமவெளியில் ஓடும் வேனுக்கு அடிக்கும் அதே பெயின்ட்டோடு நிற்கிறது.

பாலம் திறந்ததும் ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. ஊருக்கு நல்லது, கோயிலுக்கு வருபவர்களுக்கு நல்லது. மண்டபம் ஸ்டேஷனில் முழிக்கும் கூட்டம் இப்போது இல்லை. சித்தப்பாவுக்கு இன்னும் 2028 வரை டியூ இருக்கிறது. வண்டியை விற்றுவிடலாம் என்றால், டி.என் 65 நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் மதுரை புரோக்கர் இன்ஜினைக் கேட்கவில்லை. குனிந்து அடியைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்ன விலையில் லோன் அடையாது.

மஞ்சள் போர்டுன்னா கேஸ் போட முடியாதா?

'வாடகை வண்டி, அதனால நீங்க நுகர்வோரே இல்லை, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது' என்று ஒருவர் சித்தப்பாவைப் பயமுறுத்தியிருந்தார். பாதி உண்மை. வியாபாரத்துக்காக வாங்கினால் நுகர்வோர் கிடையாதுதான். ஆனால், தானே உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கினால் அவரும் நுகர்வோர் என்று 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995-ல் லட்சுமி இன்ஜினீயரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஆட்டோவையும் லாரியையுமே உதாரணம் காட்டியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். வாங்கி முழுக்க இன்னொருத்தரை வைத்து ஓட்டினால் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கைப் போட்ட நிறுவனம் தோற்றுப்போனது. அது தோற்ற தீர்ப்பு, சொந்தமாக ஸ்டீயரிங் பிடிக்கும் ஆயிரக்கணக்கான டிரைவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. எனவே, உங்க வீட்டில் மஞ்சள் போர்டு இருந்தால், ஓட்டுவது யார் என்பதற்கு ஆதாரம் வைத்துக்கோங்க. பேட்ஜ், பெர்மிட், டிரிப் ஷீட் எல்லாம் பேசும்.

வண்டி வாங்கிய ஊருக்குத்தான் போகணும் என்பதும் இல்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்னை தொடங்கி இரண்டு வருஷத்துக்குள் போடணும். இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலேயே தாக்கல் செய்யலாம். அதற்கு முன்னால் 1915-க்கு ஒரு போன் போடுங்க, கம்பெனிக்குப் புகார் போகும்.

ஆனால், யார் மேல் போடுவது என்பதில் உஷாரா இருக்கணும். கோவாவில் ஒருவர் 2011 மாடல் காருக்குப் பணம் கட்டினார். டீலர் கொடுத்தது 2009-ல் செய்த, ஏற்கெனவே ஓடிய கார். அடியில் துரு வேறு இருந்ததாகப் புகார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-ல் கோர்ட், கம்பெனியும் டீலரும் தனித்தனி ஆட்கள், டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரிந்திருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று டாடா மோட்டார்ஸை விடுவித்தது. அதனால்தான், டீலரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் கம்பெனி காதுக்குப் போனதாக ஆகாது. கம்பெனிக்கும் மெயில் போடுங்க. அதே மெயில், அதே போட்டோ, ஓடோமீட்டர் தெரியும்படி.

ஜாப் கார்டு விஷயத்தில் சித்தப்பா செய்த தப்பை நீங்க செய்யாதீங்க. 'ஜெனரல் செக்கப்' என்று எழுதியிருந்ததில் மூன்று தடவையும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கதவுத் துரு பற்றி ஒரு வரி இல்லை. பேப்பர்படி அந்தத் துரு இரண்டு வருஷமாக இல்லவே இல்லை! நாங்கள் போட்டோக்களைத் தேதிவாரியாக அடுக்கி, கம்பெனியின் வட்டார அலுவலகத்துக்கு எழுதிய பிறகுதான், 'குட்வில்' என்ற பெயரில் கதவு வேலைக்குப் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். வாரன்டியில் இல்லாததை உறவு கெடாமல் இருக்கச் செய்து தருவதுதான் குட்வில். கேட்டால்தான் கிடைக்கும், யாரும் தானாக நீட்ட மாட்டார்கள். தரைக்கு அடியில் இருக்கும் துருவுக்கு அந்தக் குட்வில் நீளவில்லை.

புது வண்டி எடுக்கப்போகும் கடலோரத்துக்காரர்களுக்கு ஒன்று. டெலிவரி நேரத்தில் பளபளப்புக் கோட்டிங் போடச் சொல்லித் தலையில் கட்டுவார்கள். அது மேலே மின்னும், அடியில் ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்கு அண்டர்பாடி கோட்டிங்கும் கதவு இடுக்குகளுக்கு மெழுகும் போடுங்க, தண்ணீர் வடியும் துளையை அடைக்காமல் போடச் சொல்லி நின்று பாருங்க. கழிவு ஆயிலை அடியில் அடிக்கும் பழைய வைத்தியம் இங்கே இன்னும் உண்டு. துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும்தான். ஆனால், ரப்பர் புஷ்களைக் கெடுத்துவிடும், ரோடெல்லாம் ஒழுகும்.

எஃப்.சி வரும்போது டிங்கர் பட்டறையில் ஒரு வித்தை நடக்கும். ஓட்டையை அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். உள்ளே குறுக்குச் சட்டம் பிஸ்கட் மாதிரி இருப்பது வெளியே தெரியாது. ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றும் வேனிலும் இதுதான் நடக்கிறது. வேன்காரர் வேணும்னு செய்வதில்லை. தகடு மாற்றும் செலவும், அத்தனை நாள் சவாரி போவதும் சேர்ந்து ரெண்டு மாச டியூ வந்துவிடும்.

சித்தப்பாவுக்கு அடுத்த எஃப்.சி வருவதற்கு நாள் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, வேனுக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். ஸ்பேனர் பிடியால் தரைத் தகட்டை ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டிருந்தார். 'டங்' என்றால் நல்ல இரும்பு. 'டொப்' என்றால் உள்ளே அரித்துவிட்டது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, 'டொப்' வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டான். நான் இருந்த வரைக்கும் மூன்று வட்டம். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, தேதி போட்டு, கம்பெனிக்குப் போகும் மெயிலில் ஏற்றிக்கொண்டிருந்தான்.